நரிக்குட்டிக்குப் பின்னால் யாரோ

குழந்தைகளைப் பயமுறுத்தப் பேய்க்கதை தேவையில்லை. கொஞ்சம் பசையும் நிறைய அவசரமும் போதும். ஐந்து வயதுப் பிள்ளைகள் ஏழு பேரை வைத்து நான் இதை நிரூபித்திருக்கிறேன்.

இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து ஓரிரு வருடங்கள் இருக்கும். ஒஸ்லோவில் படித்துக்கொண்டே, ரொம்மனில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பொன்றுக்கு ஆசிரியை ஆகியிருந்தேன். "ஆறு பிள்ளையளுக்குக் குறைஞ்சா வகுப்பை மூடுறதுதான்" என்று பொறுப்பாளர் முதலிலேயே சொல்லிவிட்டார். "என்ரை வகுப்பை விட்டு ஒருத்தரும் போகாயினம்" என்றேன். (வாய் மட்டும் அப்போதே பேராசிரியை.)

பிள்ளைகளை மயக்க ஒரு நோர்வேஜியப் படப்புத்தகம் வாங்கினேன். உறைந்த ஏரியின் மறுகரையில் என்ன இருக்கிறது என்று பார்த்தே தீருவேன் எனக் கிளம்பும் நரிக்குட்டியின் கதை. தமிழில் எழுதிய துண்டுத்தாள்களை நோர்வேஜிய எழுத்தின் மேல் ஒட்டி வாசிப்பது எங்கள் தமிழ் வகுப்புகளில் வழக்கம். நான் அதை, தங்கியிருந்த ட்வெய்ட்டாவிலிருந்து வகுப்புக்கு வரும் ரயிலில், மடியில் வைத்துச் செய்தேன். முதல் படத்துக்கு எழுத்தே கிடையாது என்பதைக் கவனிக்காமல் அதிலும் ஒட்டியதால், கதை முழுவதும் ஒரு பக்கம் முந்திவிட்டது. கடைசிப் பக்கத்துக்குத் துண்டு இல்லை. ஏன் என்று யோசிக்காமல் அங்கிருந்த எழுத்தை மட்டும் வெள்ளைத்தாளை ஒட்டி மறைத்தேன்.

நவம்பர் மாதம். பிற்பகல் நாலு மணிக்கே வெளியே நல்ல இருட்டு. ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்துவிட்டுப் படத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிக் காட்டினேன். நான் பார்த்தது என் அழகான கையெழுத்தை மட்டும்.

"'பயப்படாதே, நான் உன் பின்னாலேயே நிற்கிறேன்' என்றாள் அம்மா."

படத்தில் நரிக்குட்டி பனியில் தனியாக நின்றது. பின்னால் இலையில்லாத மரங்கள்தான்.

"ரீச்சர், அம்மா எங்கை?" என்று கேட்டாள் சங்கவி.

"பின்னாலைதான் நிக்கிறா. வடிவாப் பாரும்."

(இதைவிட மோசமான பதிலை இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.)

பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தங்கள் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். சமாளிக்கலாமென்று அவசரமாகக் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். ஒருவரும் மூச்சுவிடவில்லை, அசையவில்லை. ஆள் அசைந்தால் மட்டும் எரியும் விளக்கு அந்த அறையில். அது அணைந்துவிட்டது.

யாராவது அழுதிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஒருவரும் அழவில்லை.

இருட்டுக்குள் சங்கவியின் குரல் மெதுவாக வந்தது: "ரீச்சர், இப்ப வந்திட்டா."

அலறிக்கொண்டு எழுந்தது நான்தான். விளக்கு எரிந்தது. ஏழு பேரும் ஓடிப்போய் முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றார்கள். என் கையிலிருந்த பக்கத்தில், குட்டிக்குப் பின்னால் ஒரு பெரிய நரி எங்களையே பார்த்தபடி நின்றது. அதன் கீழே ஒரு சொல்கூட இல்லை.

அடுத்த சனிக்கிழமை இரண்டே பிள்ளைகள். வகுப்பை மூடினார்கள். வெட்கத்தில் கழிவறைக்குள் போய் அழுதேன். வெளியே வந்தால் சங்கவியின் அண்ணன் நிற்கிறார்.

"தங்கச்சி ஒரு கிழமையாச் சுவரிலை முதுகை ஒட்டிக்கொண்டுதான் சாப்பிடுறா. அப்பிடி என்ன கதை சொன்னனீங்கள்?"

எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சில வருடங்களில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது.

மண்டபத்தில் படம் எடுப்பவர், "தங்கச்சி, கல்யாணப் பொம்பிளைக்கு முன்னாலை வந்து நில்லும்" என்று சங்கவியைக் கூப்பிட்டார்.

"மாட்டன். மச்சாளை என்ரை முதுகுக்குப் பின்னாலை விடமாட்டன்!"

மண்டபமே சிரித்தது. வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் என் கணவர் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த ஆல்பத்தைத்தான். எல்லாப் படத்திலும் நான் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். என் தோளுக்குப் பின்னால் சங்கவி, சிரிக்காமல், கமராவைப் பார்க்காமல், என்னையே காவல் காத்துக்கொண்டு நிற்கிறாள்.