துபாஷிக்கு ஒரு துபாஷி

“உங்கள் மொழிபெயர்ப்பாளர் எங்கே?” என்று அலுவலகக் கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டாள்.

கேட்கப்பட்டவர் அந்த அலுவலகத்தின் மொழிபெயர்ப்பாளர்.

அவர் சிரித்தார். அந்த அம்மாள் வேடிக்கை பேசி யாரும் பார்த்ததில்லை என்பது சிரித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

“நான்தானே மேடம் இங்கே மொழிபெயர்ப்பாளர்?”

“கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கும்போது. இன்று அந்தப் பக்கம் நிற்கிறீர்கள். மொழிச் சான்றிதழ் இருக்கிறதா?”

“இல்லை. பழைய கண்காணிப்பாளர் என்னிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்துதான் வேலைக்கு எடுத்தார். இதற்கு முன்னால் பெர்மிட் புதுப்பித்தபோதெல்லாம் யாரும் கேட்கவில்லையே?”

“புது விதி. சான்றிதழ் இல்லாதவர் இந்நாட்டு மொழி அறியாதவர். மொழி அறியாதவர் மொழிபெயர்ப்பாளரோடு வர வேண்டும்.”

“இப்போது நாம் உங்கள் மொழியில்தானே பேசிக்கொண்டிருக்கிறோம்?”

“எனக்குப் புரிகிறது. விதிக்குப் புரியாது.”

வெளிநாட்டவருக்கு வசிப்பிட அனுமதி கொடுக்கிற அலுவலகம் அது. கடைசிக் கவுண்டரில் அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தமிழர்கள் சொல்வதை அவளுக்கும் அவள் சொல்வதைத் தமிழர்களுக்கும் எடுத்துச் சொல்வதுதான் அவர் பிழைப்பு. பழைய நாளில் இந்தத் தொழிலுக்கு இருந்த பெயரையே மனைவி அவருக்கு வைத்துவிட்டாள்: துபாஷி.

“தமிழுக்குப் பதிவு பெற்றவர் இந்த ஊரில் ஒரே ஒருவர் இருக்கிறார். அவரை அழைத்து வரலாம்” என்றாள் அம்மாள்.

“அது நான்தான் மேடம்!”

“அப்படியானால் அவரை அழைத்து வர முடியாது. சான்றிதழ் பெற்ற உறவினர் யாராவது இருந்தால் வெள்ளிக்கிழமை கூட்டி வாருங்கள். விசாரணையில் நீங்கள் எங்கள் மொழியில் ஒரு வார்த்தை பேசினாலும் விண்ணப்பம் செல்லாது. மொழி தெரிந்தவர் தெரியாதவராக நடித்தார் என்று ஆகிவிடும்.”

துபாஷி மனசுக்குள் கணக்குப் போட்டார். அவருடைய பெர்மிட் இந்த மாதத்தோடு முடிகிறது. மனைவி, மகள் இருவருடைய பெர்மிட்டும் அவருடையதில் தொங்குகிறது. மகளுக்கு இது பள்ளிக் கடைசி வருஷம். மொழித் தேர்வோ அடுத்த பருவத்தில்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டாள்.

“வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்குன்னு சும்மாவா சொன்னாங்க? ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் பெர்மிட் வாங்கிக் குடுத்தீங்க. நாம மூட்டை கட்டணுமா?”

“கத்தாதே. உன் தம்பிகிட்ட சான்றிதழ் இருக்குல்ல?”

“யாரு, அவனா?” என்று அவள் உட்கார்ந்துவிட்டாள்.

தம்பி ரொட்டி வேன் ஓட்டுகிறவன். மூன்றாம் தடவையில் சான்றிதழ் வாங்கி, அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். நல்ல பையன். வேன் லேசாக உரசிய கார்க்காரர் ஊரில் இல்லை என்று தெரிந்ததும், அவர் திரும்பி வரும்வரை தப்பை ஒப்புக்கொள்ளத் தினம் போய்க் கதவைத் தட்டினானே, அவ்வளவு நல்லவன்.

அன்று சாயங்காலமே ஒத்திகை நடந்தது. துபாஷி பாடம் எடுத்தார்.

“மாப்ளே, நான் சொல்றதை அப்படியே கொட்டிடக் கூடாது. கொஞ்சம் மெருகு போடணும்.”

“பொய் சொல்லணுமா மாமா?”

“பொய் இல்லடா, மெருகு.”

சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் துபாஷியின் தொழில் ரகசியமே இந்த மெருகுதான். ஒரு சமையல்காரர், ஏன் இந்த நாட்டில் இருக்க ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்டதற்கு, “இவங்க சாப்பாட்டை மனுஷன் தின்பானா? நான் வந்துதான் இவங்க நாக்குக்கு உசிர் குடுக்கணும்” என்றார். துபாஷி அதை, “இந்நாட்டு உணவுத் துறைக்குத் தம்மால் ஆனதைச் செய்ய விரும்புகிறார்” என்று சொன்னார். ஓர் அம்மாள், “எங்க வீட்டுக்காரர் இழுத்துட்டு வந்தாரு, வந்த நாள்ல இருந்து குளிர்ல சாகறேன்” என்றாள். “குடும்பத்தோடு சேர்ந்து வாழ விரும்புகிறார், பருவநிலைக்குப் பழகி வருகிறார்” என்றார். காத்திருந்து கடுப்பான பெயிண்டர் ஒருவர், “இந்தம்மா மூஞ்சியைப் பாருங்க, கஞ்சி போட்ட வேட்டி மாதிரி” என்றார். துபாஷி கண் சிமிட்டாமல், “உங்கள் பொறுமைக்கு நன்றி சொல்கிறார்” என்றார். அம்மாளும் தலையை ஆட்டி எழுதிக்கொண்டாள்.

இது சரியா என்று அவர் யோசிக்காமல் இல்லை. பயத்தில் உளறுவதை அப்படியே ஏட்டில் ஏற்றினால், உள்ளே இருக்கிற மனுஷன் ஒருவன், ஏட்டில் இருப்பவன் வேறு ஒருவன் என்று ஆகிவிடுகிறதே. வார்த்தைக்கு உண்மையாக இருப்பதா, ஆளுக்கு உண்மையாக இருப்பதா? அவர் ஆள் பக்கம் நின்றுவிட்டார். தெரிந்தால் வேலை மட்டும் போகாது, பெர்மிட்டும் போகும். அந்தப் பயம் அவருக்கு எப்போதும் உண்டு.

ஒத்திகையில் மனைவிதான் அதிகாரி.

“ஏன் இங்க இருக்கணும்?”

“வேலை இருக்கு, பொண்ணு படிக்கிறா” என்றார் துபாஷி.

மச்சினன் தொண்டையைச் செருமிக்கொண்டு இந்நாட்டு மொழியில், “இவர் இந்த நாட்டுக்காக உயிரையும் கொடுப்பார்” என்றான்.

மகள் சோபாவிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தாள். துபாஷி தலையில் கை வைத்தார்.

“ஏன்டா, பெர்மிட் கேக்கச் சொன்னா பட்டாளத்துல சேத்து விடறே?”

“நீங்கதானே மாமா மெருகு போடச் சொன்னீங்க?”

மனைவி எழுந்துவிட்டாள். “நீ ஒரு மண்ணும் போட வேணாம். மாமா வாயில என்ன வருதோ அதைச் சொல்லு. ஒரு வார்த்தை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. என் மேல சத்தியம் பண்ணு.”

“உன் மேல சத்தியம்க்கா” என்று அவள் தலையில் கை வைத்தான். அக்கா மேல் சத்தியம் என்றால் இடி விழுந்தாலும் மாறமாட்டான். அப்பாடா என்று எல்லோரும் தூங்கப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை துபாஷி கண்ணாடிக்கு வெளிப்பக்கம் உட்கார்ந்தார். இந்த நாற்காலி இவ்வளவு தாழ்வானது என்று இத்தனை நாள் அவருக்குத் தெரியாது. நிமிர்ந்து பார்த்தால்தான் அம்மாளின் முகம் தெரிந்தது.

“விண்ணப்பதாரர் இந்நாட்டில் தொடர்ந்து வசிக்க விரும்புவது ஏன்?”

“மாமா, ஏன் இங்கயே இருக்கணும்னு கேக்கறாங்க.”

எத்தனை பேருக்கு எடுத்துச் சொன்ன கேள்வி! இப்போது அது தமிழில் தன்னையே பார்த்து வந்தது. மெருகு போட ஆயிரம் வார்த்தை இருந்தது, மெருகு போட வேண்டிய சரக்கு எது என்றுதான் புரியவில்லை.

“தெரியலடா” என்று வாய் தவறி வந்துவிட்டது.

“தெரியவில்லை என்கிறார்” என்றான் மச்சினன்.

அம்மாளின் விரல்கள் அதைக் கணினியில் தட்டின.

“டேய்! அதையாடா சொன்னே?”

“‘டேய், அதையாடா சொன்னே’ என்கிறார்.”

அம்மாள் அதையும் தட்டினாள்.

எங்கள் மொழியில் ஒரு வார்த்தை பேசினாலும் செல்லாது என்று அம்மாள் சொன்னது துபாஷியின் காதிலேயே நின்றது. பேசலாம் என்றால் இவன் வழியாகத்தான் பேச வேண்டும். சரி, மனசில் இருப்பதையே சொல்லிவிடுவோம் என்று ஆரம்பித்தார்.

“காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அடுத்தவங்க பேச்சையே பேசறேன். வீட்டுக்குப் போனா எனக்குன்னு ஒரு பேச்சு இல்லை. ஆனா பொண்ணு இங்கதான் சிரிக்கக் கத்துக்கிட்டா. பொண்டாட்டிக்கு இங்கதான் நாலு சிநேகிதி கிடைச்சாங்க. வேற ஊர்ல போய் உக்கார எனக்குத் தெம்பு இல்லைம்மா. பயமா இருக்கு.”

மனைவியிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை.

மச்சினன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்துச் சொன்னான். அவனுக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் அது, “இவர் பேச மாட்டார். மகள் சிரிக்கிறாள். மனைவிக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இவர் பலவீனமானவர், பயந்தவர்” என்று வந்தது.

திருத்துவதற்காக வாய் தானாகத் திறந்தது. துபாஷி நாக்கைக் கடித்துக்கொண்டார். நிஜமாகவே கடித்தார், வலித்தது.

அம்மாள் முகம் மாறாமல் அடுத்ததைக் கேட்டாள். “இந்த அலுவலகத்துக்கு எப்போதாவது தவறான தகவல் தந்ததுண்டா?”

எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். எல்லோரும் இல்லை என்பார்கள். துபாஷி மச்சினன் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல் முணுமுணுத்தார்.

“மாப்ளே, கால்ல விழறேன். இதுக்கு மட்டும் இல்லைன்னு சொல்லிடு. எத்தனை பேர் பேச்சை நான் மாத்திச் சொல்லியிருக்கேன்னு இந்தம்மாவுக்குத் தெரிஞ்சா, குடும்பத்தோட பெட்டி கட்ட வேண்டியதுதான்.”

மச்சினன் முகம் வெளுத்தது. மாமாவைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். பாவம், அக்கா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவன். ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல், கால்ல விழறேன் என்பதிலிருந்து பெட்டி கட்டுவது வரை முழுக்க எடுத்துச் சொன்னான். அன்றைக்கென்று இலக்கணம்கூடச் சுத்தமாக வந்து தொலைத்தது.

துபாஷி கண்ணை மூடிக்கொண்டார். மகளின் பள்ளிச் சீருடை, பரணில் கிடக்கும் பெட்டிகள், மனைவி பேசப்போகிற பேச்சு எல்லாம் வந்து போயின. அம்மாள் நெடுநேரம் தட்டிக்கொண்டிருந்தாள். போகட்டும், ஊரை ஏமாற்றினோம், கடைசியில் உண்மை பேசுகிற ஒருவன் வாயால் மாட்டினோம், நியாயம்தான் என்று அவருக்கே தோன்றியது.

“பதிவை வாசிக்கிறேன்” என்றாள் அம்மாள். “வசிக்க விரும்பும் காரணம்: விண்ணப்பதாரர் நெடுங்காலமாகப் பிறருக்காகக் குரல் கொடுத்து வருகிறார். அவருடைய குடும்பம் இந்த ஊரில் வேர் விட்டுவிட்டது. இதுவே தம் வீடு என்று கருதுகிறார். தவறான தகவல் தந்ததுண்டா? இல்லை. அனுமதி நீட்டிக்கப்படுகிறது.”

துபாஷிக்குத் தன் காதுமேல் நம்பிக்கை வரவில்லை. மச்சினனோ துள்ளி எழுந்துவிட்டான்.

“மேடம், தப்பு! மாமா அப்படிச் சொல்லவே இல்லை!”

“உக்காருடா பாவி!” என்று துபாஷி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

அம்மாள் இரண்டு பக்கமும் பார்த்தாள். பக்கத்துக் கவுண்டரில் யாரும் இல்லை. முத்திரையைக் குத்திவிட்டுக் கண்ணாடித் துவாரத்தை நோக்கிக் குனிந்தாள். அடுத்து அவள் பேசியது தமிழ், துபாஷியின் அதே இழுவையோடு வந்த தமிழ்:

“இத்தனை வருஷமா அவங்க சொன்னதையும் நீங்க மாத்திச் சொன்னதையும் கேட்டுக் கேட்டுத்தான் நான் தமிழ் கத்துக்கிட்டேன், உங்க ஒருத்தருக்காக நான் மாத்தி எழுதக் கூடாதா?”