கொல்லையில் விழுந்த மானும் என் தீர்ப்பும்

பார்சிப்பனி, நியூ ஜெர்சி
நவம்பர் 2005

சிரஞ்சீவி பிச்சுமணிக்கு அத்திம்பேர் பாலசுப்ரமணியனின் அநேக ஆசீர்வாதம். இங்கே நான், உன் அக்கா பர்வதம், என் பெண் மானஸா, மாப்பிள்ளை மகாதேவன் எல்லோரும் சௌக்கியம். ஒரு மான் மட்டும் சௌக்கியமாக இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் மானஸா பக்கத்திலேயே நிற்கிறாள்.

சீக்கிரமே ஊர் திரும்ப ரிடர்ன் டிக்கெட் தேதியை முன்னால் மாற்றச் சொல்லிப் போன வாரம் எழுதியிருந்தேன், அந்த ஏற்பாடு அப்படியே நடக்கட்டும். கும்பகோணம் சப்-கோர்ட்டில் ஜட்ஜாக இருந்தபோது நான் தொண்டையைக் கனைத்தால் வராந்தா வரைக்கும் அமைதியாகிவிடும். இங்கே கனைத்தால் மானஸா இருமல் மருந்தைக் கொண்டு வருகிறாள். பெண்ணும் மாப்பிள்ளையும் என்மேல் உயிராகத்தான் இருக்கிறார்கள், குறை சொல்லமாட்டேன். ஆனால் சோபா வாங்குவதிலிருந்து சாம்பாரில் என்ன காய் போடுவது என்பது வரை யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்பதில்லை. நானாக அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்தால், "நீங்க ரெஸ்ட் எடுங்கோப்பா" என்கிறாள். மனுஷன் எவ்வளவுதான் ரெஸ்ட் எடுப்பான்?

சனிக்கிழமை காலை அவர்கள் இருவரும் கடைக்குப் போயிருந்தார்கள். பின்பக்கக் காட்டிலிருந்து ஒரு கொம்பு மான் தள்ளாடி வந்து நம் புல்வெளியில் விழுந்து உயிரை விட்டது. தொடையில் ஓர் அம்பு, விலாவில் ஓர் அம்பு. பின்னாலேயே இலைதழை அச்சடித்த சட்டையும் வில்லுமாக இரண்டு பேர் ஓடி வந்தார்கள். வந்தவர்கள், கேளேன், நம் எல்லையில் டக்கென்று நின்றார்கள். வயதானவர் தொப்பியைக் கழற்றி, "சார், உள்ளே வரலாமா?" என்று கேட்டார். அடிபட்ட மான் அடுத்தவர் நிலத்தில் விழுந்தால், நிலத்துக்காரரைக் கேட்காமல் காலெடுத்து வைப்பது வேட்டைக்காரர்களுக்குள் மரியாதையில்லையாம். நிலம் மாப்பிள்ளையுடையது என்பதை நான் சொல்லவில்லை. பிச்சுமணி, இந்தத் தேசத்துக்கு வந்த நாளாக என்னிடம் ஒருவர் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மானுக்காக என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

மான் யாருடையது என்று விசாரித்தேன். தொடையில் இருந்த அம்பு ஃபிராங்க் என்கிற அந்தப் பெரியவருடையது, விலாவில் இருந்தது டானி என்கிற இளைஞனுடையது என்று தெரிந்தது. போதாதா எனக்கு? "ஒன் மினிட்" என்று உள்ளே ஓடி, வேஷ்டியை அவிழ்த்துப் பேண்ட் போட்டு, பெட்டியின் அடியிலிருந்த கறுப்புக் கோட்டை உருவி மாட்டிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் தேடித் துடைத்து வந்தேன். அதுவரை இருவரும் குளிரில் நின்றிருந்தார்கள். உன் அக்கா அவர்களுக்குக் காபி கொடுத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

முதல் ரத்தம் யாருடைய அம்பால் வந்ததோ மான் அவருக்கே என்பது பழைய வழக்கம் என்றார் ஃபிராங்க். தொடையில் பட்ட மான் பென்சில்வேனியா வரைக்கும் ஓடியிருக்கும், சாய்த்த அம்பு எவனுடையதோ மான் அவனுக்கே என்றான் டானி. இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால், பழக்க தோஷத்தில், சாட்சி விசாரணைக்கு இரண்டு வாரம் வாய்தா போட்டுவிட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சார், அதுக்குள்ள மான் கெட்டுப்போயிடுமே" என்றார் ஃபிராங்க், ரொம்பப் பணிவாக. சரியென்று அங்கேயே தீர்ப்பைச் சொன்னேன். உயிரை எடுத்த அம்பு டானியுடையது, ஆகவே மான் அவனுக்கு. முதலில் அடித்தவர் என்கிற மரியாதைக்குக் கொம்பு ஃபிராங்குக்கு. புல்வெளியை இருவரும் சேர்ந்து கழுவித் தரவேண்டியது. தாக்கலான அன்றே தீர்ப்பான வழக்கு என் சர்வீஸிலேயே இது ஒன்றுதான். கைகுலுக்கிவிட்டுப் போனார்கள், அப்பீல் இல்லை!

வாசலில் ஓர் உயிர் போன தீட்டுக்கு நான் தலைக்குக் குளித்துவிட்டு வருவதற்குள் மானஸா வந்து, "வில்லும் அம்புமா வந்தவாகிட்ட கதவைத் திறப்பேளாப்பா?" என்று குதித்தாள். ஆகவே டிக்கெட் விஷயத்தில் மாற்றமில்லை. தீர்ப்பு சரிதானா என்று நீ எழுது. நீ இன்னும் கோர்ட்டுக்குப் போகிற வக்கீல், அத்திம்பேர் என்று தாட்சண்யம் பார்க்காதே. உன் ஆத்துக்காரிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். எல்லோரும் தீர்க்காயுசாக இருங்கள், முடிந்தவரை யாராவது உங்களை ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாலசுப்ரமணியன்

பின்குறிப்பு: பிச்சு, நான் அக்கா எழுதறேன். கவரை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறார். அத்திம்பேர் கோட்டைத் தேடி உள்ளே ஓடினாரே, அப்போதே அந்தப் பெரியவர், "மான் டானியோடதுதாம்மா, என் அம்பு சரியாப் படலை. எங்களுக்குள்ள சண்டையே இல்லை, தூக்கிண்டு போறோம்" என்று சொல்லிவிட்டார். நான்தான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "அவர் ஜட்ஜா இருந்தவர். இங்க அவரை யாரும் ஒண்ணும் கேக்கறதில்லை. சூடா காபி தரேன், கொஞ்ச நேரம் சண்டை போடுங்கோ" என்று கேட்டுக்கொண்டேன். தங்கமான மனுஷா, என்னமாய்ச் சண்டை போட்டார்கள்! கொம்பு மட்டும் அவர்கள் நினைத்தே பார்க்காதது. டானி நிஜமாகவே கொடுத்துவிட்டான், பெரியவர் அவன் தோளைத் தட்டிக்கொண்டே போனார். அன்றைக்கு உன் அத்திம்பேர் இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். டிக்கெட்டைத் தொடாதே. தீர்ப்பில் ஒரு சந்தேகம் இருக்கிறது, விளக்க வேண்டும் என்று உடனே எழுதிக் கேள்.