பத்திரிகையில் விட்டுப்போன பெயர்

மதிப்பிற்குரிய தஹ்மீனா டீச்சர் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் வகுப்பில் படிக்கும் இனியவனின் தகப்பன் ரெத்தினம் வணக்கத்துடன் எழுதுவது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, சம்பாவுக்கு நாற்றும் விட்டாகிவிட்டது, இங்கு யாவரும் சுகம். தாங்களும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என நம்புகிறேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். என் மகனுக்குக் கற்றுக்கொடுத்த எழுத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஏதாவது வழி உண்டா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டாம் வகுப்பிலேயே 'இவனுக்குப் படிப்பு ஏறாது' என்று திருப்பியனுப்பப்பட்ட பிள்ளை. கற்றல் குறைபாடு உள்ள பெரியவர்களுக்குக் கூத்தாநல்லூரில் வகுப்பு நடத்துவதாகத் தாங்கள் சொன்னபோது, இருபத்தொன்பது வயதில் பஸ் போர்டு படித்தால் போதும் என்றுதான் அனுப்பினேன். இப்போது அவன் வாசிக்காத பொருள் கிடையாது. யூரியா மூட்டையை வாசிக்கிறான், எதிர்ச்சுவரில் யாரோ யாரையோ திட்டி எழுதியதை எழுத்துக்கூட்டி தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசிக்கிறான். தங்கை சுடர்விழிக்கு நிச்சயம் பண்ண மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் தேதியை வாசித்து, "அப்பா, இது போன மாசத்தோட முடிஞ்சிடுச்சு" என்றான். சம்பந்தியம்மா வாயிலிருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் என் முகத்தைப் பார்த்தார்.

அதுகூடப் பரவாயில்லை டீச்சர். முந்தாநாள் மன்னார்குடி அச்சாபீசிலிருந்து சுடர்விழியின் கல்யாணப் பத்திரிகை வந்தது. முந்நூறு. இவன் ஒன்றை எடுத்து 'நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினான். பன்னிரண்டு வருஷமாக எங்களோடு பேசாத பெரியப்பா இருக்கிறார். லீவு கிடைக்காது என்று சொல்லிவிட்ட சிங்கப்பூர் மச்சான் இருக்கிறார். "என் பேரு எங்கப்பா?" என்றான். அச்சாபீசுல விட்டுட்டாங்கடா என்றேன். அச்சாபீசு விடவில்லை. பெண்ணுக்கு அண்ணன் என்ன வேலை, ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று மாப்பிள்ளை ஊரில் நாலு பேர் கேட்பார்களே என்று நான்தான் எடுக்கச் சொன்னேன். இவனுக்குத் தெரியவா போகிறது என்று நினைத்தேன். இத்தனை வருஷப் பழக்கம், இவன் படிப்பான் என்பதே அந்த நேரத்தில் மறந்துபோச்சு.

நான் சொன்னதை அப்படியே நம்பிட்டான். "ஒண்ணுலதான் விட்டிருப்பாங்க" என்று அடுத்ததை எடுத்தான். அதிலும் இல்லை. ரெண்டு நாளா உக்காந்து ஒண்ணொண்ணா படிச்சிக்கிட்டிருக்கான் டீச்சர். சாப்பிடக் கூப்பிட்டா, "இதுல இல்ல, அடுத்ததுல இருக்கும்"ங்கிறான். அவன் அம்மா அம்சவல்லி என்னோட பேசுறதையே நிறுத்திட்டா. அந்தக் கட்டுல ஏதாவது ஒண்ணுலயாவது அவன் பேரு இருந்துடக் கூடாதான்னு எனக்கே ஏக்கமா இருக்கு. எடுக்கச் சொன்னவன் நான்.

எழுத்து தெரியாமலே இருந்திருந்தால் தங்கச்சி கல்யாணத்தில் சந்தோஷமாகப் பந்தி பரிமாறியிருப்பான். ஆகையால் இனி அவனை வகுப்புக்கு அனுப்புவதாக இல்லை. தங்களுக்கும் தங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ரெத்தினம்

பி.கு.: மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். கடைசிப் பத்திரிகையையும் படித்துவிட்டு, "எதுலயுமே இல்லப்பா" என்று வந்து நின்றான். நான்தான் எடுக்கச் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். பேனா கேட்டான். இப்போது ஒவ்வொன்றிலும் என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறான். நாற்பது முடிந்திருக்கிறது. திங்கட்கிழமை வகுப்புக்கு வருவான், தங்கள் பத்திரிகையை அவனே கொண்டுவந்து கொடுப்பான். வாங்கியதும் பையில் வைத்துவிடாதீர்கள் டீச்சர். அவன் நிற்கும்போதே கடைசிவரை படியுங்கள்.