ஏழு ஆள் தண்ணீர்

தொரப்பள்ளி பக்கம்,
12.8.1994

பம்பாய் துறைமுகத்தில் முக்குளிக்கிற கம்பெனியில் வேலை பார்க்கும் என் கொழுந்தன் கங்கப்பனுக்கு, உன் அண்ணி சென்னம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா ஜோதியம்மாளும் சினைமாடும் சுகம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, மழையில் நனையாமல், கெட்ட சகவாசம் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும்.

நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. சேர்ந்த நேரத்தைச் சொன்னால் நீயே தலையில் அடித்துக்கொள்வாய். உன் அண்ணன் காரியத்தன்று, கிணற்றடியில் உட்கார வைத்து என் கை வளையலை எல்லாம் உடைத்து முடித்த நிமிஷம், தபால்காரர் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு வந்து, "திம்மப்பனுக்கு பம்பாய்ல இருந்து பார்சல், கையெழுத்து போடணும்" என்கிறார். கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அவர் எங்கே போய்விட்டார் என்று தபால்காரருக்கு யார் சொல்வது? நான்தான் எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பிரித்துப் பார்த்தால், கறுப்பு வாரோடு, ஆழாக்கு வாய் அளவுக்கு, தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் போனோம் என்று காட்டுகிற ஒரு கை வாச்.

அதைத் தேர்ந்தெடுத்த கதை உனக்கு முழுசாகத் தெரியாது. நீ போன தை மாதம் மூன்று படம் அனுப்பி, இதில் எது வேண்டும் அண்ணா என்று கேட்டிருந்தாய் அல்லவா? ஒன்று முள் வைத்தது, ஒன்று முள்ளும் எண்ணும் கலந்தது, ஒன்று வெறும் எண். உன் அண்ணன் மூன்று நாள் அந்தப் படங்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். டீக்கடையில் எல்லோரும் முள் வைத்ததுதான் கம்பீரம் என்றார்கள். அவர் கேட்கவில்லை. "முள்ளு எனக்கும் புரியாது, உனக்கும் புரியாது. நம்பர்னா நீ படிப்ப. நான் கெணத்துக்குள்ள முங்கி வேலைய முடிச்சுட்டு வர்றேன், நீ மேல நின்னு படிச்சுச் சொல்லு" என்றார். நான் மூன்றாவது வரை படித்தவள். எண்ணில் மட்டும் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. ஆக அந்த வாச் அவர் கைக்கு வாங்கினது என்றாலும் என் கண்ணுக்குப் பார்த்து எடுத்தது. ஓர் ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம் என்று ஆள் கணக்கில் ஆழம் காட்டுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு எழுதச் சொன்னவரும் அவரேதான். மீட்டர், அடி தவிர இல்லை அண்ணா என்று நீ பதில் போட்டதற்கு, "பம்பாயிலயே இல்லையா?" என்று வருத்தப்பட்டார். பெட்டி வருவதற்குள் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எத்தனை கிணறு இறங்கி ஏறிய மனுஷன், கடைசியில் பஸ் ஸ்டாண்டில்.

சரி, வாச்சுக்கு வருகிறேன். பூ இல்லை, பொட்டு இல்லை, கை மொட்டையாக இருப்பது எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை, எடுத்துக் கட்டிக்கொண்டேன். உன் அக்கா எல்லோருக்கும் முன்னால், "வளையல் ஒடச்ச கையில வாச்சாடி? ஊர் காறித் துப்பாதா?" என்றாள். "இது வாச் இல்லக்கா, நேரமே காட்டாது" என்றேன். "நேரம் காட்டாத வாச்சை எதுக்குடி கட்டிக்கிற?" என்றாள். நான் களிப் பானையைக் கழுவப் போனேன். தண்ணீர் பட்டதும் அது கீச்சென்று கத்தி, எண்ணெல்லாம் ஓட ஆரம்பித்தது. உன் அக்கா அன்றைக்கு முழுக்க என் பக்கத்தில் வரவில்லை.

அதற்குப் பிறகு உன் இரண்டு கடிதமும் வந்தது. கிணற்றுப் பக்கம் போகாதே அண்ணி, மாட்டை விற்றுவிட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு பம்பாய்க்கே வந்துவிடு என்று எழுதியிருந்தாய். நீ எதற்குப் பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை தம்பி. புருஷன் போன பொம்பளை கிணற்றில் இறங்கினால் ஏறி வருவாளா என்று இங்கேயும் பேசுகிறார்கள். என் பதில் இதுதான், பொறுமையாகப் படி.

போன செவ்வாய்க்கிழமை, உன் அண்ணன் கிணறு இறங்கிக்கொண்டிருந்த வார்ப்படத் தொழிற்சாலையின் வாட்ச்மேன் வந்து, மோட்டார் குழாயின் அடியில் தண்ணீரை இழுக்கிற ஃபுட்வால்வு கழன்று கிணற்றுக்குள் விழுந்துவிட்டது, திம்மப்பனை உடனே வரச் சொன்னார்கள் என்றான். அவர் போன சேதி அவனுக்குத் தெரியாது. இரண்டு நாளாக உலைக்குத் தண்ணீர் இல்லையாம், வேலை நின்றுவிட்டதாம். நான், "அவர் இல்ல, நான் வர்றேன்" என்றேன். உன் அக்கா கதவுக்குக் குறுக்கே நின்று அழுதாள், திட்டினாள், மாரம்மா கோயில் பக்கம் பார்த்துச் சாபம் விட்டாள். நான் கயிற்றை எடுத்ததும், "நீ எறங்கினா கயிறு நான்தான் புடிப்பேன். வேற எவனையும் நம்பமாட்டேன்" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கேட்டில் யார் சார்பாக வந்தீர்கள் என்று கேட்டார்கள். புருஷன் பேரை நான் எப்படிச் சொல்வது? உன் அக்காதான் வேலூருக்கே கேட்கிற மாதிரி, "திம்மப்பன்!" என்றாள். சூப்பர்வைசர் பரமசிவம் கோவில்பட்டிக்காரர். என்னைப் பார்த்து, "யம்மா, வெளையாடுதீகளா? இது குடம் எடுக்குற கெணறு இல்ல" என்றார். உள்ளே போய்ப் பார்த்தால் பெங்களூரிலிருந்து ஒருத்தனை வரவழைத்து, கிணற்றுக்குள் தண்ணீரை ஒட்டிய படியில் காற்று மிஷினை வைத்து, காற்றுக் குழாயை வாயில் கவ்வ வைத்து இறக்கியிருக்கிறார்கள். தண்ணீர் முப்பது அடி என்று பேப்பரில் போட்டிருப்பதால் குழாயும் முப்பது அடிதான் கொண்டுவந்தான். அது முழுக்க நீண்டும் அவன் காலுக்குத் தரை தட்டவில்லை. மேலே வந்து, "நன்ன கையல்லி ஆகல்ல", தன்னால் ஆகாது என்று கன்னடத்தில் சொல்லிக் கையை விரித்துவிட்டான்.

இந்த இடத்தில்தான் எனக்கு ரோஷம் வந்தது. அந்தக் கிணற்றில் ஏழு ஆள் தண்ணீர் என்று உன் அண்ணன் அவர்களிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். பேப்பரில் முப்பதுதான் இருக்கிறது, எந்த ஆளு, குள்ளனா நெட்டையனா என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். "அவர் சொன்னா சொன்னதுதான். பொய் சொல்ற மனுசன் இல்ல. இப்ப பாருங்க" என்று வாச்சைக் காட்டினேன். பரமசிவம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டியில் வாச்சோடு நீ வைத்து அனுப்பிய இங்கிலீஷ் புத்தகத்தை வாங்கிப் படித்தார். அதற்கப்புறம்தான் 'யம்மா' என்கிற சத்தத்தில் கொஞ்சம் மரியாதை ஏறியது.

நான் புதுசா என்ன? நம் தோட்டத்துக் கிணற்றில் நாலு ஆள் வரை அவரோடு இறங்கிக் குடம் எடுத்தவள்தானே. அவர் செய்வதைப் போலவே செய்தேன். அவசர அவசரமாக மூச்சு இழுக்கக் கூடாது, நிதானமாக நாலு மூச்சு, கடைசி மூச்சைப் பிடித்துக்கொண்டு, கனத்துக்குக் கையில் கல்லோடு, மோட்டார் குழாயைத் தொட்டபடி கீழே. காது அடைத்தால் மூக்கைப் பிடித்து ஊத வேண்டும். இடுப்பில் கயிறு. உன் அக்கா போட்ட முடிச்சு ஒன்றல்ல, மூன்று. ஒரு இழுப்பு என்றால் நலம், இரண்டு இழுப்பு என்றால் தூக்கு என்று சொல்லிக் கொடுத்தேன். "ஒண்ணுமே இழுக்கலைன்னாலும் தூக்குவேன்" என்றாள்.

முதல் தடவை பாதி தூரம் போய்த் திரும்பினேன். ஏறும்போது கை வாச் விடாமல் கத்துகிறது. எதையோ உடைத்துவிட்டேன், தம்பி வாங்கிக் கொடுத்தது போச்சே என்று பதறி மேலே வந்தால் உன் அக்கா, "அடியே, கையில என்னடி குருவி கத்துது?" என்கிறாள். பரமசிவம் புத்தகத்தைப் பார்த்து, மெதுவாக ஏறச் சொல்லிக் கத்துகிறது என்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறவளை மெதுவாக ஏறு என்றால் எப்படி? அது காற்றுக் குழாய் வைத்திருக்கிறவனுக்குச் சொல்கிற புத்தியாம். இருந்தாலும் நம் மேல் அவ்வளவு அக்கறையாக ஒரு மிஷின் கத்துவது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. இரண்டாம் தடவை அடி வரை போனேன். சேற்றில் துழாவி வால்வைக் கண்டுபிடித்தேன். மூன்றாம் தடவை வால்வில் வேறொரு கயிறு கட்டினேன். முடிச்சு வழுக்கிவிட்டதால் கொஞ்சம் நேரமாகிவிட்டது. அதற்குள் உன் அக்கா என்னைத் தண்ணீர் வாளி மாதிரி சரசரவென்று இழுத்து வெளியே போட்டு, கன்னத்தில் ஒரு அறை விட்டு, கட்டிப்பிடித்து அழுதாள். பின்னாலேயே பத்துப் பேர் சேர்ந்து வால்வைத் தூக்கினார்கள்.

இப்போது கேள். நான் போய்வந்த ஆழம் தெரிகிற மாதிரி பரமசிவம் வாச்சில் ஏதோ பொத்தானை அமுக்கினார். நானே படித்தேன். பதினொன்று புள்ளி ஒன்பது. மீட்டர். முப்பத்தொன்பது அடி என்றார் அவர். "ஏழால வகுங்க" என்றேன். சிகரெட் அட்டையின் பின்னால் வகுத்தார். ஒன்று புள்ளி ஏழு. அடியில் சொல்லுங்கள் என்றேன். ஐந்து அடி ஏழு அங்குலம். "போய் அவரோட பழைய கேட் பாஸை எடுத்துட்டு வாங்க" என்றேன். கொண்டுவந்தார்கள். வலது புருவத்தில் தழும்பு, உயரம் ஐந்து அடி ஏழு அங்குலம் என்று அவர்கள் கையாலேயே எழுதியிருக்கிறார்கள்! குழாயைப் பிடித்துக்கொண்டு, கால் இருந்த இடத்துக்குத் தலையைக் கொண்டுபோய், தன் உடம்பையே வைத்து அளந்த மனுஷனைப் பார்த்தா சிரித்தார்கள்? பரமசிவம் அந்தப் பேப்பரை வரவழைத்தார். முப்பது என்பதை அடித்துவிட்டு முப்பத்தொன்பது என்று எழுதினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

திரும்பும்போது வாச்சில் சின்னதாக ஒரு ஏரோப்ளேன் படம் வந்தது. இத்தனை மணி நேரத்துக்கு ஏரோப்ளேன் ஏறக் கூடாது என்று அர்த்தமாம். நம் சுற்றுவட்டாரத்தில் எத்தனை பேருக்கு இப்படிச் சொல்லியிருப்பார்கள், நீயே சொல். உன் அக்கா பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டரிடம், "இவ ஏரோப்ளேன் ஏறக் கூடாதாம். பஸ்ஸு பரவால்லியா?" என்று கேட்டாள். உட்கார இடம் கிடைத்தது.

அவர் வேலையை எனக்கே கொடுத்துவிட்டார்கள். புது கேட் பாஸில் என் பேரை எழுதி, என் உயரத்தையும் அளந்து போட்டிருக்கிறார்கள். அதனால் நான் பம்பாய்க்கு வரவில்லை. நீ பயப்படாதே, கயிறு உன் அக்கா கையில் இருக்கிறது. காலாகாலத்தில் ஒரு நல்ல பெண்ணைப் பார்த்துக் கட்டிக்கொண்டு, பிள்ளை குட்டியோடு அண்ணன் பேர் சொல்ல நீ நன்றாக இருக்க வேண்டும். உன் அக்காவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், கூடவே சளிக்கு மிளகு சாப்பிடச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அண்ணி
சென்னம்மா

பின்குறிப்பு: அவர் பொய் சொல்லாத மனுஷன் என்று மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், காகிதம் அசிங்கமாகிவிடும் என்று விட்டேன். இருபத்திரண்டு வருஷமாக மேலே வந்து தலையைத் துவட்டும்போதெல்லாம் கீழே பார்த்ததைச் சொல்வார். அந்தத் தொழிற்சாலைக் கிணற்றின் அடியில் பச்சை வெளிச்சம் இருக்கும், சுவரில் எந்தக் காலத்திலோ யாரோ செதுக்கின குதிரை இருக்கும், வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் என்பார். மேலே நின்ற நான் எல்லாவற்றையும் நம்பினேன். கீழே ஒன்றும் இல்லை தம்பி. கும்மிருட்டு. வாச்சைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தாலும் தெரியாது. முடிச்சு வழுக்கியது என்று எழுதியதும் பொய், அது ஒரே தடவையில் இறுகிவிட்டது. மீதி நேரம் நான் சுவரைத் தடவிக் குதிரையைத் தேடினேன். பாசியும் கல்லும்தான். படுபாவி மனுஷன். தண்ணீருக்குள்ளேயே எனக்குச் சிரிப்பு வந்து பாதி மூச்சு போய்விட்டது. மேலே வந்து அழுது முடித்ததும் உன் அக்கா, "கீழ என்னடி இருக்கு?" என்று கேட்டாள். குதிரை இருக்கிறது என்று சொன்னேன். வால் எப்படி நிற்கிறது என்பது வரைக்கும் சொன்னேன்.