பதினான்காம் பக்கத்து உதாரணம்

திருவொற்றியூர்,
ஜூன் 9, 2004.

பெருமதிப்பிற்குரிய வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர் அவர்களுக்கு,

தங்கள் வாடிக்கையாளர் யசோதரா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. என் செல்லில் நான்கு கோடும் நிற்பதால் தங்கள் டவர்கள் நலமென்று அறிகிறேன். அவற்றின் நிழலில் பணிபுரியும் தாங்களும் அவ்வண்ணமே நலமாக இருப்பீர்களாக. செல் கம்பெனிக்குப் போய் யாராவது கைப்பட எழுதுவார்களா என்று தாங்கள் நினைக்கலாம். தங்கள் உதவி எண்ணுக்கும் பேசிப் பார்த்தேன். ஒரு பெண் குரல் ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று மிகுந்த அன்போடு சொல்லிக்கொண்டே இருந்தது. இருந்த எண்ணையெல்லாம் அழுத்திவிட்டேன். என் குறைக்கு அதில் எண் இல்லை.

குறை இதுதான். மூன்று வாரமாக என் செல்லுக்கு "டெஸ்ட்" என்று செய்தி வருகிறது. யார் அனுப்புகிறார்கள் என்று தெரியவில்லை. முதல் நாள் "டெஸ்ட்" என்று வந்தது, மறுநாள் "டெஸ்ட் 2", அப்புறம் "ஹலோ", அப்புறம் "டெஸ்ட் டெஸ்ட் டெஸ்ட்" என்று மூச்சுவிடாமல் ஒன்று. ஒருவர் "வருதா?" என்று கேட்டார். இன்னொருவர் "ஏண்டா வரமாட்டேங்குற" என்று திட்டினார். வருகிறது ஐயா, வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒரு வங்கி என்னை "அன்புள்ள பெயர் அவர்களே" என்று அழைத்து, என் டிராக்டர் கடன் தயாராகிவிட்டதாகச் சொன்னது. எங்கள் தெருவில் சைக்கிள் திரும்புவதே கஷ்டம். நான் கொஞ்சம் யோசிக்கிற பழக்கம் உள்ளவள். உலகத்தின் எந்த மூலைக்கும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்ற வல்லமை கைக்கு வந்ததும் மனிதர்களுக்கு இந்த ஒரு சொல்தானா தோன்றுகிறது என்று, புத்தகத்தை மடியில் கவிழ்த்துவைத்து, ஒரு மதியம் முழுக்க வருத்தப்பட்டிருக்கிறேன்.

வருத்தத்தோடு நின்றிருந்தால் தங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். இந்தக் கோடையில் எங்கள் தெருவுக்குக் குடிக்கிற தண்ணீர் லாரியில்தான் வருகிறது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நெடுஞ்சாலையோரம் நின்று ஆரன் அடிக்கும். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் நாளெல்லாம் ஆரன் அடிப்பதால், அந்தச் சத்தத்துக்கு எங்கள் தெருவில் பூனைகூடத் திரும்பாது. பகலில் செல்லோடு வீட்டில் இருப்பவள் டியூஷன் எடுக்கிற நான் ஒருத்திதான். ஆகவே லாரி ஓட்டுகிற வெள்ளத்துரை அண்ணன் ஷெட்டிலிருந்து கிளம்பும்போது எனக்கு ஒரு செய்தி அனுப்புவார். மிஸ்டு கால் கொடுக்கலாமே என்பீர்கள். அவர் தூத்துக்குடியில் இருக்கிற மனைவியோடு லாரி நிறையும்வரை பேசிக்கொண்டிருந்ததால், ஷெட் முதலாளி அந்தச் செல்லில் வெளியே பேச முடியாதபடி பூட்டிவிட்டார். இலவசத் திட்டத்தில் செய்தி மட்டும் போகும். அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்தச் செல்லுக்குத் தமிழ் தெரியாது. எனவே ஒன்றும் எழுதாத வெற்றுச் செய்தி வரும். அது வந்தால் நான் வாசலில் நின்று கத்துவேன், தெருவே குடத்தோடு ஓடும். தண்ணீர் பிடித்ததும் நான் "ஓகே" என்று பதில் அனுப்புவேன். எங்கள் ஏற்பாடு இவ்வளவுதான்.

என் செல்லோ பழைய செல். இன்பாக்ஸ் நிறைந்துவிட்டால் அடுத்த செய்தி வெளியே நின்றுவிடும். போன செவ்வாய்க்கிழமை நான் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது டெஸ்டுகள் வந்து உள்ளே உட்கார்ந்துவிட்டன, வெள்ளத்துரை அண்ணனின் வெற்றுச் செய்திக்கு இடமில்லை. நான் ஒவ்வொன்றாக அழித்து முடித்து, அது உள்ளே வந்தபோது லாரி எண்ணூரைத் தாண்டியிருந்தது. பக்கத்து வீட்டு சாபிரா அக்கா காலிக் குடத்தைக் கொண்டுவந்து என் வாசலில் டொம்மென்று வைத்தார்.

"இன்னா யசோ, லாரி வந்துட்டுப் போய்ட்ச்சாமே? நீ இன்னாதான் பண்ணிகினு இருந்த?"

"மெசேஜ் வரலக்கா."

"வரலியா? காலைலேர்ந்து டொய்ங் டொய்ங்குன்னு உன் செல்லு கத்திகினுதானே கீது? என் தூக்கமே பூட்ச்சு."

"அது வேறக்கா. டெஸ்ட்டு."

"டெஸ்ட்டா? யார்டி அவன்?"

என் அம்மா தாயம்மாவுக்கு இந்தக் கேள்விதான் வேண்டியிருந்தது. "நல்லாக் கேளு சாபிரா. மூணு வாரமா நானும் கேக்கறேன், வாயத் தொறக்க மாட்டேன்றா. பேரப் பாத்தா ஹார்பர்ல எறங்குன கப்பல்காரன் மாரி கீது."

"கப்பல்காரன் எதுக்கும்மா? ராயபுரத்துல எர்னஸ்ட்டு கீறான், டெஸ்ட்டு இருக்கக்கூடாதா?"

மறுநாள் வெள்ளத்துரை அண்ணன் லாரியிலிருந்து இறங்காமலே சண்டை பிடித்தார். "நான் மெசேஜ் போட்டேம்லா? அம்புட்டு நேரம் ஆரன் அடிச்சேன், ஒரு கொடம் வரல. அவ்வளவு தண்ணிய வச்சுக்கிட்டு நான் என்ன, குளிக்கவா செய்ய?" புத்தர் வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினாராம். அவர் மனைவியின் பெயரை எனக்கு வைத்தது அப்பா. வரவேண்டிய தகவல் வராமல் விழிப்பது பெயரோடு கூடவே வந்ததுபோலும்.

தங்கள் ஷோரூமுக்குப் போனேன். கழுத்துப்பட்டை கட்டிய தம்பி ஒருவர் என் செல்லை அணைத்து, மறுபடி உயிர்ப்பித்து, சரியாகிவிட்டது என்றார். அவர் கையில் இருக்கும்போதே டெஸ்ட் வந்தது. "யாரோ உங்களை லவ் பண்றாங்க மேடம்" என்றார். நான் பார்த்த பார்வையில் புகாரைப் பதிவு செய்துகொண்டார். உங்கள் செல்லில்தான் எதுவும் நுழையாதே, பதில் சொல்ல வேறு எண் கொடுங்கள் என்று கேட்டார். மனப்பாடமாகத் தெரிந்த வேறு எண் வெள்ளத்துரை அண்ணனுடைய லாரிச் செல் மட்டுமே. அதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

உண்மை தெரியவந்தது தற்செயலாக. "டெஸ்ட். வந்தால் கூப்பிடவும்" என்று ஒரு செய்தி, அனுப்பியவரின் எண்ணோடு வந்தது. கூப்பிட்டேன். "டெஸ்ட் வந்தது" என்றேன். "வந்துருச்சா! டேய், வந்துருச்சுடா!" என்று ஒருவர் கூவ, பின்னால் நாலைந்து பேர் கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது. பிறகுதான் அவர், "ஆமா, நீங்க யாரு மேடம்?" என்றார்.

"அதை நான்தான் கேட்கணும். திருவொற்றியூரிலிருந்து பேசறேன்."

"அட, திருவொத்தியூரா? இன்னா மேடம், மின்னாடியே சொல்றதில்ல? நான் ராயபுரம்தான், ரகுபதி. வேலை தரமணில, கம்ப்யூட்டர் கம்பெனி." கண்ணாடிக் கட்டடத்துப் பேச்சு அந்த நிமிடமே கழன்று விழுந்துவிட்டது. தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "அய்யய்யோ. மேடம், நீங்க மேனுவல்ல கீறீங்க. பதினாலாம் பக்கம். 'உதாரணமாக, இந்த எண்ணுக்கு அனுப்பவும்'னு போட்டு உங்க நம்பரைக் குடுத்துக்கீறாங்க. நீங்கதான் மேடம் உதாரணம்."

ரகுபதி பொறுமையாக விளக்கினார். நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன், தவறிருந்தால் திருத்தவும். தங்கள் கம்பெனிக்குள் வெளியாள் யாரும் நுழைய முடியாது. ஆனால் ரேஷன் கடையில் இருப்பதுபோல ஒரு ஜன்னல் வைத்திருக்கிறீர்கள். இன்ன எண்ணுக்கு இன்ன செய்தி என்று சொன்னபடி எழுதி நீட்டினால், உள்ளேயிருந்து வேலை முடிந்து வரும். நீட்டுவது மனிதராக இருக்க வேண்டியதில்லை, இன்னொரு கம்பெனியின் கம்ப்யூட்டரே நீட்டலாம். இந்த ஜன்னலுக்குப் பெயர் ஏ.பி.ஐ. அதற்கு எப்படி எழுதி நீட்டவேண்டும் என்று சொல்லி, தாங்கள் போட்ட புத்தகம்தான் மேனுவல். அதைப் படித்துப் புதிதாய் வேலை கற்கிற ஒவ்வொருவரும் பதினான்காம் பக்கம் வந்ததும், எழுதியிருப்பதை அப்படியே பார்த்தெழுதி எனக்கு ஒரு டெஸ்ட் அனுப்பிவிட்டுத்தான் பதினைந்துக்குப் போகிறார்கள். நூலகப் புத்தகங்களில் பக்கத்தின் ஓரத்தில் கிறுக்கிவைப்பவர்களைத் திட்டியிருக்கிறேன். பக்கத்துக்குள்ளேயே நான் இருப்பேன் என்று நினைத்ததில்லை.

வீட்டில் சொன்னேன். அம்மாவுக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல். "சாபிரா! நம்ம யசோவ பொஸ்தகத்துல உதாரணமாப் போட்டுக்கீறாங்களாம்!" சின்ன வயதிலிருந்து நாலு பேருக்கு உதாரணமா இரு, உதாரணமா இரு என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர் அம்மா. சாபிரா அக்கா தன் பெண்ணைத் தரதரவென்று இழுத்துவந்து என்முன் நிறுத்தி, "பாத்துக்க. இப்டி வரணும்" என்றார். அந்தப் பெண் பார்த்துக்கொண்டாள். அன்றைக்கும் தண்ணீர் வரவில்லை.

கோபத்தில் எழுதினாலும் தங்கள் நன்மைக்கும் ஒன்று சொல்கிறேன். ஜன்னல் நல்ல யோசனை. தங்களுக்கு எங்கள் தண்ணீர் லாரியைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். ஜன்னலைத் திறந்துவைத்தால் தெரிந்தவர்கள் தாங்களாகவே வருவார்கள். லாரி ஷெட்காரர் ஒரு பொத்தானை அழுத்தினால் தெருவிலுள்ள எல்லாச் செல்லுக்கும் செய்தி போகும்படி ரகுபதியே ஒரு வாரத்தில் செய்துவிடுவாராம். எங்கள் தெருவில் ஆளுக்கொரு செல் வாங்குவார்கள். சடையங்குப்பத்துக்காரர்களுக்கு வெள்ளம் வருமுன் சொல்லலாம், மீன் ஏலத்துக்குச் சொல்லலாம், கும்மிடிப்பூண்டி ரயில் வராது என்பதை நாங்கள் பிளாட்பாரத்துக்குப் போவதற்கு முன்பே சொல்லலாம். ஒவ்வொரு செய்திக்கும் தங்களுக்குக் காசு. யோசிக்கிற வேலை வேறு யாருடையதோ, வரும்படி தங்களுடையது. இதைவிட நல்ல வியாபாரம் எனக்குத் தெரிந்து கிடையாது. ஆனால் ஜன்னலை எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தா வைப்பது?

ஆகவே பதினான்காம் பக்கத்திலிருந்து என் எண்ணை உடனே நீக்கி, உதாரணம் கட்டாயம் வேண்டுமென்றால் தங்கள் நிர்வாக இயக்குநர் எண்ணைப் போட்டு, எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கிடைக்க வழிசெய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். தங்கள் டவர்கள் இடி மின்னலுக்குத் தப்பி நீடு நிற்கட்டும். தங்கள் வீட்டுக் குழாயில் என்றும் காற்று வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள உதாரணம்,
யசோதரா

பி.கு.: இதைத் தபால் பெட்டிவரை கொண்டுபோகச் சில நாளாகிவிட்டது. காரணம் தண்ணீர். எழுதி முடித்த மறுநாளே டெஸ்டுகள் அடியோடு நின்றுவிட்டன. ரகுபதியைக் கேட்டேன். தாங்கள் என் புகாரை ஏற்று, புது மேனுவல் போட்டு, என் எண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நான் கொடுத்த மாற்று எண்ணைச் சேர்த்துவிட்டீர்களாம். ஆக, ஊரிலுள்ள டெஸ்ட் எல்லாம் இப்போது வெள்ளத்துரை அண்ணனுக்குப் போகிறது. அவர் செல்லுக்கு இதுவரை செய்தி அனுப்பிய ஒரே ஆள் நான். எனவே டொய்ங் என்றால் யசோதரா தண்ணீர் கேட்கிறாள் என்று பொருள் எடுத்துக்கொண்டு லாரியைக் கிளப்பிவிடுகிறார். "என்ன தாயி, ஒங்க தெருவுல யானை கீனை வளக்கியளா?" என்று மட்டும் கேட்டார். சாபிரா அக்கா அரிசி டிரம்மிலும் பிடித்துவைத்துவிட்டார். பக்கத்துத் தெருக்களிலிருந்து குடத்தோடு வருகிறவர்களை அவர்தான் வரிசையில் நிற்கவைக்கிறார். அம்மாவுக்குத்தான் மனக்குறை, வெள்ளத்துரை உதாரணமாகிவிட்டாரே என்று.

எனவே மேலே எழுதிய எதையும் தயவுசெய்து படிக்க வேண்டாம். படித்துவிட்டிருந்தால் மறந்துவிடவும். பதினான்காம் பக்கத்தில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. தரமணியில் யாரும் வேலைக்கு வரவில்லைபோலும், லாரியும் வரவில்லை. குடங்களோடு தெருவே என் வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தது. செல்லைக் கையில் எடுத்து, வெள்ளத்துரை அண்ணனுக்கு என்ன எழுதலாம் என்று வெகுநேரம் யோசித்தேன். இவ்வளவு படித்தும், எனக்கும் அந்த ஒரு சொல்தான் தோன்றியது.