அதிவிரைவுத் தாக்குதல்: திருத்திய ஆறாம் பதிப்பு

கூடைப்பந்து அமெரிக்காவில் பிறந்திருக்கலாம். ஆனால் அந்த ஆட்டத்துக்கு மூளை முளைத்தது புதுச்சேரி முத்தியால்பேட்டையில்தான். ஒரு சனிக்கிழமை பிற்பகலில் அரிகிருஷ்ணன் ஒரு கட்டு வெள்ளைத்தாளும் நான்கு நிறத்தில் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய வேளை அது. வருங்கால வரலாற்றாசிரியர்கள் இதை ஒப்புக்கொண்டே தீரவேண்டும்.

அரிகிருஷ்ணன் ஓர் அரசு அலுவலகத்தில் மேல்நிலை எழுத்தர். வயது நாற்பத்தெட்டு. கல்லூரியில் மூன்று வருடம் கூடைப்பந்து அணியில் 'இருந்தவர்'. ஆடியவர் என்று அவரும் சொல்லமாட்டார், கூட இருந்தவர்களும் சொல்லமாட்டார்கள். மூன்று வருடத்தில் மொத்தம் பதினோரு நிமிடம் மைதானத்துக்குள் கால் வைத்திருக்கிறார். மற்ற நேரமெல்லாம் பெஞ்ச். "ஓடுறவனுக்குப் பந்துதான் தெரியும். உக்காந்து பாக்கறவனுக்குத்தான் ஆட்டம் தெரியும்" என்பார். அந்தத் தகுதி அடிப்படையில்தான் முத்தியால்பேட்டை மகளிர் அணியின் பயிற்சியாளர் பதவியை ஏற்றார். சம்பளமில்லாத பதவி என்பதால் போட்டிக்கும் யாரும் வரவில்லை.

அணியின் கேப்டன் தனக்கொடி. வைத்திக்குப்பத்துப் பெண். காலையில் அம்மாவோடு மீன் விற்றுவிட்டு, பகலில் துணிக்கடையில் பில் போட்டுவிட்டு, மாலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு வந்துவிடுவாள். உயரமானவள் துர்கா. நர்சிங் படிக்கிறாள். கூடையில் பட்டுத் திரும்பும் பந்து யார் கைக்கும் போகுமுன் அவள் கைக்குப் போய்விடும்.

இந்தப் பெண்களுக்காகத்தான் அரிகிருஷ்ணன் 'அதிவிரைவுத் தாக்குதல் முறைமை' என்ற அறுபத்து நான்கு பக்க ஆவணத்தைத் தயாரித்தார். ஃபாஸ்ட் பிரேக் என்று ஊரார் சொல்வதுதான். எதிரணி தவறவிட்ட பந்தைப் பிடித்து, அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் மறுமுனைக்கு ஓடிக் கூடையில் போட்டுவிடுவது. இதற்கு ஐந்து வினாடி போதும் என்பது அவர் கணக்கு. அந்த ஐந்து வினாடியை விளக்க இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று. ஒவ்வொரு கூட்டத்துக்கும் நடவடிக்கைக் குறிப்பு உண்டு. கடைசியில் எல்லோரும் 'புரிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டார்கள். போட்டால்தான் பந்தைக் கண்ணில் காட்டுவார்.

"சார், பந்து கைக்கு வந்ததும் நான் ஓடணுமா, இல்ல பக்கம் இருவத்தி மூணப் பாக்கணுமா?" என்று துர்கா ஒருநாள் கேட்டாள்.

"முதல்ல பாக்கணும். பாத்துட்டு ஓடணும்."

"அதுக்குள்ள அவங்க வந்துருவாங்களே சார்."

"அது அவங்க பிரச்சினம்மா" என்றார் அரிகிருஷ்ணன்.

முறைமைக்கு ஒரு ரகசியச் சங்கேதம் தேவைப்பட்டது. இடப்பக்கமா வலப்பக்கமா என்று பெஞ்சிலிருந்து கத்தினால் எதிரணிக்கும் கேட்குமே! யோசித்தார். எதிரிக்குப் புரியாத மொழியாக இருக்கவேண்டும். ஆழ்ந்த சிந்தனைக்குப் பிறகு அவர் தேர்ந்தெடுத்த மொழி பிரெஞ்சு. புதுச்சேரியில்.

செல்போனில் பிரெஞ்சு சொல்லித்தரும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டார். படித்ததெல்லாம் அலுவலக நேரத்தில். கண்ணியம் கருதி ஒலியை அணைத்துவைத்திருந்தார். ஆகையால் இடதுக்கான பிரெஞ்சுச் சொல் அவர் வாயில் 'கோச்சே' ஆயிற்று. வலது 'டிராய்ட்டே' ஆயிற்று.

முதல் நாள் அவர் "கோச்சே! கோச்சே!" என்று கத்தியபோது பெண்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"இன்னா சார், உங்களையே நீங்க கூப்பிட்டுக்கறீங்க?" என்றாள் தனக்கொடி.

இப்படியிருந்தும் அணி நகரக் கோப்பையில் வரிசையாக நான்கு ஆட்டம் வென்று இறுதிக்கு வந்துவிட்டது. அரிகிருஷ்ணனுக்கு வியப்பில்லை. முறைமை வேலை செய்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் ஆவணத்தை ஒருமுறை திருத்தினார். இறுதியாட்டத்துக்காக இன்னொருமுறையும் திருத்தியதில் அது ஆறாம் பதிப்பை எட்டியிருந்தது.

அந்த இறுதியாட்டம் வெறும் கோப்பைக்கானது அல்ல. மைதானத்தை நிர்வகிக்கும் 'பயன்பாட்டு ஒருங்கிணைப்புக் குழு' ஒரு தீர்மானம் போட்டிருந்தது. பிக்கிள்பால் என்றொரு புதிய ஆட்டம் ஊருக்குள் நுழைந்திருந்தது. ஊறுகாய்க்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களைக் குழு 'வளர்ச்சிக்கு எதிரானவர்கள்' என்று கருதியது. கோப்பையை வென்றால் மாலை ஐந்தரை முதல் ஏழுவரை மகளிர் அணிக்கு. தோற்றால் அந்த நேரம் பிக்கிள்பாலுக்கு. மகளிர் அணி விரும்பினால் பிற்பகல் இரண்டு மணிக்கு ஆடலாம் என்று குழு பெருந்தன்மையோடு குறிப்பிட்டிருந்தது.

"ரெண்டு மணிக்கு யாரு சார் கடையில விடுவாங்க?" என்றாள் தனக்கொடி. "துர்காவுக்கு காலேஜு. மத்தவங்களுக்கு வேலை. இந்த ஒன்றரை மணிநேரம் போச்சுன்னா டீமே போச்சு சார்."

அரிகிருஷ்ணன் அன்றைக்கு ஒரு முடிவெடுத்தார். பெண்கள் முறைமையை முழுமையாகக் கற்றே ஆகவேண்டும். ஒரு வாரம் தினமும் தேர்வு வைத்தார். கோச்சே என்றால் இடது, டிராய்ட்டே என்றால் வலது என்று நூறு முறை ஒப்பிக்க வைத்தார். தொண்ணூறு மதிப்பெண்ணுக்குக் கீழே யாரும் எடுக்கவில்லை. அவர் வாழ்க்கையில் அவ்வளவு நிறைவான வாரம் அதற்குமுன் வந்ததில்லை.

இறுதியாட்டம் உப்பளத்தில், ஞாயிறு மாலை. எதிரணி நீலக்கரைக் கழகம். அவர்களின் பயிற்சியாளர் ராஜவேல், விசிலைத் தவிர வேறெதுவும் கொண்டுவராத சாதாரண மனிதர். அரிகிருஷ்ணனுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. துர்கா முதல் பந்தைப் பிடித்தாள். அரிகிருஷ்ணன் எழுந்து "கோச்சே!" என்று முழங்கினார். ஐந்து பெண்களும் படித்தபடியே இடப்பக்கம் பாய்ந்தார்கள். அவர்களுக்கு முன்பே அங்கே ஒருத்தி நின்றிருந்தாள். பந்தைப் பறித்துக்கொண்டு போய்க் கூடையில் போட்டாள்.

அவள் பெயர் பூர்ணிமா. அடுத்தமுறை அவர் "டிராய்ட்டே!" என்றார். பூர்ணிமா வலப்பக்கம் நின்றிருந்தாள். மறுபடி "கோச்சே!" என்றார். பூர்ணிமா இடப்பக்கம்.

"இந்தப் பொண்ணுக்கு ஏதோ ஞானதிருஷ்டி இருக்கு" என்று அரிகிருஷ்ணன் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எதிரியைப் பாராட்டும் பண்பு அவருக்கு எப்போதும் உண்டு.

பாதி ஆட்டத்தில் பன்னிரண்டு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். இடைவேளையில் தண்ணீர் குடிக்கப் போன பூர்ணிமா அவர் அருகில் நின்றாள்.

"முஸ்யே... சார், தப்பா நெனச்சிக்காதீங்க. அது கோச்சே இல்ல. கோஷ். அதேமாதிரி டிராய்ட்டே இல்ல, துருவாத்."

"உனக்கெப்படிம்மா தெரியும்?"

"எங்க தாத்தா சொல்தா. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தாரு. நான் ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து பிரெஞ்சு ஸ்கூல்" என்றாள் பூர்ணிமா. போகும்போது, "நீங்க நிறுத்தாதீங்க, எங்களுக்கு ரொம்ப உதவியா இருக்கு" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

இதைத் தனக்கொடியும் கேட்டாள். தன் பெண்களைத் தனியே அழைத்துப்போய் அரை நிமிடம் பேசினாள். கூட்டக் குறிப்போ கையெழுத்தோ இல்லாமல் ஒரு கூட்டம் அரை நிமிடத்தில் முடியும் என்பதை அரிகிருஷ்ணன் அன்றுதான் கண்டார்.

அவருக்கு வேறு மொழி தெரியாது. புதிய சங்கேதம் தயாரிக்க ஏழாம் பதிப்பு போடவேண்டும். வேறு வழியில்லாமல் "கோச்சே!" என்றே கத்தினார். பூர்ணிமா இடப்பக்கம் பறந்தாள். தனக்கொடி வலப்பக்கம் ஓடித் தனியாகப் பந்தைக் கூடையில் போட்டாள்.

"அய்யோ! அது வலதும்மா! வலது!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"டிராய்ட்டே!" என்றார். துர்கா இடப்பக்கம் பந்தை வீசினாள். இரண்டு புள்ளி. "ஒரு வாரம் பரீட்சை வெச்சனே! தொண்ணூத்தஞ்சு மார்க் எடுத்தியே!" என்று கதறினார். மீண்டும் தவறு. மீண்டும் இரண்டு புள்ளி. அவருடைய கவனமெல்லாம் பிழைகளை எண்ணுவதில் இருந்ததால் புள்ளிப் பலகையைப் பார்க்கவில்லை.

எதிர்ப்பக்கம் பூர்ணிமா தயங்க ஆரம்பித்தாள். ராஜவேல் விட்டாரா? "அதுங்க பயத்துல தப்பா ஓடுதுங்க. அந்தாளு சொல்றதுதான் பிளான். நீ பிளான நம்பு!" என்று கத்தினார். அரிகிருஷ்ணனுக்கு மெய்சிலிர்த்தது. தன் திட்டத்தைப் புரிந்துகொண்ட ஒரு மனிதர் இந்த ஊரில் இருக்கிறார்.

இருபது வினாடி இருக்கும்போது தனக்கொடி டைம் அவுட் கேட்கச் சொன்னாள். அப்போதுதான் அவர் பலகையைப் பார்த்தார். ஒரே ஒரு புள்ளிதான் பின்தங்கியிருந்தார்கள்.

"இவ்ளோ தப்பு பண்ணியும் எப்படிம்மா?" என்றார்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தனக்கொடிதான் சொன்னாள்.

"சார், நீங்க சொல்றதுக்கு நேர்மாறா ஆடறோம். அவங்க நீங்க சொல்றத நம்பறாங்க."

அவர் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதன் மூடியைத் திருகினார். திறந்தது. மறுபடி மூடினார்.

"அப்போ லீக் மேட்ச் நாலும் ஜெயிச்சது?"

"அப்ப நீங்க சொன்னது எங்களுக்குப் புரியவே இல்ல சார். எங்க இஷ்டத்துக்கு ஆடுனோம்."

"நான் பரீட்சை வெச்சதுக்கு அப்புறம்?"

"புரிஞ்சிடுச்சு சார்" என்றாள் துர்கா வருத்தத்தோடு. "அதான் முதல் பாதி."

அரிகிருஷ்ணன் தலைகுனிந்து நின்றார். ஏழு மாதம். ஆறு பதிப்பு. நான்கு நிறம். "அப்ப நான் வாய மூடிட்டு உக்காந்துக்கறம்மா" என்றார்.

"அய்யய்யோ, வேணாம் சார்!" தனக்கொடி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க கத்தலைன்னா அவங்க உஷாராயிடுவாங்க. இதான் கடைசி பந்து. மனசாரக் கத்துங்க. நீங்க நெசமா எது சரின்னு நெனைக்கறீங்களோ அதையே சொல்லுங்க. நடிச்சா தெரிஞ்சிடும்."

தன் வாழ்நாளில் யாரும் தன் அபிப்பிராயத்தை இவ்வளவு ஆவலோடு கேட்டதில்லை என்று அவருக்குத் தோன்றியது.

நீலக்கரை பந்தை வீசியது. தவறியது. துர்கா எம்பிப் பிடித்தாள். ஆறு வினாடி பாக்கி. அரிகிருஷ்ணன் மைதானத்தை ஒரு முறை பார்த்தார். மூன்று வருடப் பெஞ்ச் அனுபவமும் ஒன்றுதிரண்டு வந்து அவர் காதில் சொன்னது, இடதுதான் சரி. சந்தேகமே இல்லை. நெஞ்சு நிமிர்த்தி, இந்தமுறை உச்சரிப்பும் பிசகாமல், "கோஷ்!" என்று முழங்கினார்.

உச்சரிப்பைக் கேட்டதும் பூர்ணிமாவின் கடைசித் தயக்கமும் போய்விட்டது. அவளோடு நீலக்கரை அணி மொத்தமும் இடப்பக்கம் திரண்டது. துர்கா வீசிய பந்தோடு வலப்பக்கம் தனக்கொடி தன்னந்தனியாக ஓடினாள். பந்து கூடைக்குள் விழுந்தபோது கையில் ஒரு வினாடி மிச்சம் இருந்தது.

பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அழுதார்கள். மாலை ஐந்தரை அவர்களுடையது. வந்து அரிகிருஷ்ணனையும் இழுத்துக்கொண்டு போய்த் தூக்கினார்கள். அவர் கனம் தாங்காமல் இறக்கிவிட்டார்கள்.

பரிசளிப்பில் குழுத் தலைவர் மைக்கைப் பிடித்து, "இந்த மாபெரும் வெற்றிக்குக் காரணமான சிந்தனைச் சிற்பி" என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் புகழ்ந்தார். பிறகு வெற்றியின் ரகசியத்தைச் சொல்லும்படி அரிகிருஷ்ணனிடம் மைக்கைக் கொடுத்தார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். கூட்டம் கைதட்டத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் எதிரே தனக்கொடி மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தபடி நின்றிருந்தாள்.

"ஏழு மாசமா நான் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்று தொடங்கினார். "இன்னிக்குத்தான் ஒரு டீம் நான் சொன்னத ஒரு வார்த்தைகூடத் தட்டாம, முழுசா நம்பி, கடைசி வினாடிவரைக்கும் அப்படியே ஆடுச்சு. ஒரு கோச்சுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கெடையாது. அந்த டீமுக்கு நான் கைகூப்பி நன்றி சொல்லிக்கறேன்."

கைகூப்பியபடியே திரும்பினார். நீலக்கரை அணி இரண்டாம் பரிசோடு நின்றுகொண்டிருந்தது.