முதலை அண்ணாச்சியின் யானைக்கு ஒரு தும்பிக்கை

பிள்ளைகளா, துறைமுக ரோட்டில் லாரி ஓட்டுகிற உங்க அப்பா நான் போலீசுக்குப் பயந்தவனில்லை, ஆர்.டி.ஓ.வுக்கும் பயந்தவனில்லை. தூத்துக்குடி டிரைவர்கள் அத்தனை பேரும் பயந்தது ஒரே ஒருத்தருக்குத்தான். அவர் முதலை அண்ணாச்சி.

பைபாஸ் ஓரத்து ஷெட்டில், தேய்ந்துபோன லாரி டயர்களை வெட்டி மிருகங்கள் செய்வார். முதலில் செய்தது முதலை. அதைப் பார்த்துக் கேபின் மேல் ஏறிய கிளீனர் ஒருவன், டீ வாங்கிக் காட்டியும் இறங்கவில்லை. பேர் அன்றைக்கே நிலைத்துவிட்டது. அப்புறம் எருமை செய்தார். நிஜ எருமை ஒன்று வந்து அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. சொந்தக்காரர் வாலை முறுக்கியும் எழும்பவில்லை.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்பீர்கள். துறைமுக வாசலில் நாங்கள் வரிசையில் நிற்கும்போது வந்து, மாட்டுத் தரகர் மாதிரி டயரைத் தட்டிப் பார்ப்பார்.

"இது கரடிக்கு ஆகும். சீக்கிரம் வெடிச்சிரும்லா?" என்று ஆசையாய்க் கேட்பார்.

"அண்ணாச்சி, வாய வைக்காதீரும்!"

அவர் சொன்னால் பலித்துவிடும் என்று, தலை தெரிந்தாலே சிலர் டயரைத் தார்ப்பாயால் மூடிவிடுவார்கள்.

ஒருநாள் உப்பு லோடோடு பெங்களூர் கிளம்பினேன். டீக்கடையில் அண்ணாச்சி என் பின் டயருக்கு எதிரே வந்து குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். டயரில் கம்பி தெரிந்தது உண்மைதான். திரும்பி வரும்போது தொப்பூர் மலை இறக்கத்தில் வெடித்தால் வண்டியோடு நானும் உருள வேண்டியதுதான். நீங்கள் அப்போது சின்னப்பிள்ளைகள்.

"ஏலே, யானைக்குத் தும்பிக்கை மட்டுந்தான் பாக்கி. இதக் குடுத்துரு."

"இன்னும் ஒரு நடை தாங்கும்னு முதலாளி சொல்லுதாரு அண்ணாச்சி."

"முதலாளியா ஓட்டுதாரு?"

"ஸ்டெப்னியும் மொட்டைதான். வேற டயருக்கு எங்க போவேன்?"

"நீ டீயக் குடி. நான் வாரதுக்குள்ள வண்டிய எடுத்தே, நாளைக்கு உன் ஸ்டெப்னியும் இருக்காது."

போனவர், நல்ல டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். டீக்கடையே சிரித்தது.

"நல்லதக் குடுத்துத் தேஞ்சத வாங்குதாரே! மூளையிலயும் ரப்பர்தான் போல!"

ஜாக்கி போட்டு மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

பத்திரமாய்த் திரும்பி வந்து ஷெட்டை எட்டிப் பார்த்தேன். யானை தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஆனால் யார் கேட்டும் அவர் கொடுக்காத குதிரை ஒன்று உண்டு. அது நின்ற இடம் காலி.

"குதிரை எங்க அண்ணாச்சி?"

"மேயப் போயிருக்குலே."

அந்தக் குதிரையை வீட்டுக்கு வரும் வழியில் பார்த்தேன். டயர் கடை வாசலில் நின்றது.

கடைக்காரர் சொன்னார்: "எத்தனையோ நாளாக் கேட்டேன், தரல. அன்னைக்கு அவரே தள்ளுவண்டியில வச்சுக் கொண்டாந்துட்டாரு. 'இத வச்சுக்கிட்டு ஒரு நல்ல டயரக் குடும், பிள்ளைக்காரன் ஒருத்தன் தூரமாப் போறான்'னாரு."

குதிரை கழுத்தில் 'இங்கு பஞ்சர் ஒட்டப்படும்' என்று பலகை தொங்கியது. கடைக்காரர் சாப்பிடப் போகும்வரை அங்கேயே நின்றேன். மேய்கிற குதிரைக்குக் கழுத்தில் பலகை எதற்கு என்று, அதைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.